கூட்டில் ஒட்டிய குழந்தை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுவது. நான் நலம், மூக்கைத் தவிர. இத்தனை பழைய தூசி உள்ளே போனால் அது ஒழுகாமல் என்ன செய்யும்? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஸ்டூலில் உட்கார்ந்து நகல் எடு என்றேனே, கேட்டாயா? இல்லை வழக்கம்போல நாள் பூராவும் நின்றுகொண்டேதானா?

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அப்பாவின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டு, அதை வாங்க வராமலே போனவர்கள் இத்தனை பேரா! கோட்டு இரவல் என்பது தோளிலேயே தெரிகிற மாப்பிள்ளைகள், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் படமாகிவிட்ட பெண்கள், சைக்கிளைக் கட்டிய மனைவிபோல அணைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். எல்லாரையும் தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். உன் தங்கைக்கு இத்தனை விருந்தாளிகள் ஒருநாளும் வந்ததில்லை.

பகல் முழுக்க நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிறாய், வீட்டுக்கு வந்து முழுசாக இருக்கும் படங்களை வெட்டுகிறாய், உனக்கென்ன கிறுக்கா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். கிறுக்குதான். வெட்டியதையெல்லாம் பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் தலைகள், ஒன்றில் கைகள், ஒன்றில் வண்டிகள், ஒன்றில் பறவைகள். இதோ இந்த மாப்பிள்ளையின் கழுத்துக்கு மேலே ஒரு கடிகாரத்தை வைத்தேன். மனிதர் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார்.

நல்ல சேதி ஒன்று. ஏப்ரலில் இங்கே பொது மண்டபத்தில் ஒரு கண்காட்சி. என் ஒட்டுப்படங்களுக்கு ஒரு சுவர் முழுசாகத் தருகிறார்கள். பத்துப் படம் வேண்டும், கையில் மூன்றுதான் இருக்கிறது. மிச்சக் கவர்களையும் அனுப்பி வை. நகல் எடுத்து அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்காதே. அசல் காகிதத்தை வெட்டினால்தான் எனக்கு வேலை ஓடும். அந்தப் பழுப்பும் அந்த ஓரமும் உன் மெஷினில் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் எலி

ஜனவரி 27

என் எலிக்கு,

அக்கா ஆசையுடன் எழுதுவது. முழங்கால் இருக்கிறது, அதன் பாட்டுக்கு முனகுகிறது. நீ ஆவி பிடி, மூக்கு சரியாகிவிடும். போன் பண்ணேன் என்று எப்போதும் சொல்கிறாய். கடை போனில் பேசினால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். கடிதம்தான் நமக்கு லாயக்கு.

மிச்சக் கவர்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். லாமினேஷன் மெஷின் வருகிறது, அதை வைக்க இடம் வேண்டும். அதனால் அப்பாவின் அலமாரியையே காலி செய்துவிட்டேன். கடைசி இழுப்பறை பூட்டிக் கிடந்ததே, ஞாபகமிருக்கிறதா? அப்பா போனபிறகு அதன் சாவி அகப்படவே இல்லை. பூட்டுக்காரர் வந்து இரண்டு தட்டில் திறந்துவிட்டார். உள்ளே ஏதாவது பொக்கிஷம் இருக்கும் என்று அவருக்கு ஆசை. அதே பழுப்புக் கவர்கள்தான். அதையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கவர்களுக்கெல்லாம் எண் போட்டுக் கொடுத்தவள் நான். திறந்தால் ஒவ்வொரு முகமும் என்னைப் பார்த்து ஏதாவது கேட்கும், அன்றைக்கு வேலை கெட்டுவிடும். நெகட்டிவ் எல்லாம் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிப் போயிருந்தன, எறிந்துவிட்டேன். வெட்டுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள் என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. நகல் கடைக்காரியின் பேச்சை அவள் தங்கையே கேட்காவிட்டால் ஊர் எப்படிக் கேட்கும்?

வாங்க வராதவர்கள் ஒரு சுவரிலாவது உட்காரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஆவி பிடித்தேன், மூக்கு அடங்கியிருக்கிறது. லாமினேஷன் மெஷின் வந்துவிட்டதா? கையைச் சுட்டுக்கொள்ளாமல் இரு.

ஒன்பது படம் முடிந்துவிட்டது. இந்தக் கடிதம் பத்தாவதைப் பற்றி.

நீ கடைசியாக அனுப்பிய மூட்டையில் எண் இல்லாத ஒரு கவர் இருந்தது. தேதி இல்லை, பெயர் இல்லை, வாயை மட்டும் பசை போட்டு ஒட்டியிருந்தார் அப்பா. உள்ளே ஒரே ஒரு படம். ஒரு கைக்குழந்தை, தலையில் பின்னல் தொப்பி. அதை மடியில் வைத்திருப்பவர் யார் என்று தெரியாது, ஏனென்றால் அவர் தலையிலிருந்து கால்வரை இருட்டுத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறார். ஒரு கை மட்டும் துணிக்குள்ளிருந்து வந்து குழந்தையின் கழுத்தைத் தாங்குகிறது. ஒரு கணம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்தது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் குழந்தை அசையாமலிருக்க, அம்மாவையே துணியால் மூடி நாற்காலிபோல உட்காரவைத்துப் படம் எடுப்பார்களாம். அப்பாவும் அதைச் செய்து பார்த்திருக்கிறார் போல.

ஆனால் அந்தக் குழந்தை, அக்கா! நேராக என்னையே பார்க்கிறது. குழந்தைகள் அப்படிப் பார்க்காது, அதற்குள் கவனம் வேறெங்கோ போய்விடும். இது இமைக்காமல் பார்க்கிறது. வெட்டி எடுத்து ஒரு படகில் வைத்தேன், சரியில்லை. காலி நாற்காலியில் வைத்தேன், ரயில் ஜன்னலில் வைத்தேன், எங்கே வைத்தாலும் ‘இங்கே இல்லை’ என்கிற மாதிரி ஒரு பார்வை. குப்புறத் திருப்பிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது நிமிர்ந்து கிடக்கிறது. ஈரக்காற்றில் பழைய காகிதம் சுருண்டு புரளும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், மறுநாள் அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போர்த்திவிட்டுத்தான் வாசலைப் பூட்டினேன்.

கடைசியில் ஒரு பறவைப் புத்தகத்திலிருந்து பெரிய கூடு ஒன்றை எடுத்து அதற்குள் வைத்தேன். உடனே அடங்கிவிட்டது. என் மைதா பசைக்கு அந்தத் தடித்த காகிதம் நிற்கவில்லை, மூன்று தடவை ஓரம் தூக்கிக்கொண்டது. நானும் விடவில்லை. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தடவி ஒரேயடியாக ஒட்டிவிட்டேன். இனி அந்த ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. படத்துக்குப் பெயர் ‘கூடு’.

இதுவரை நான் செய்ததில் இதுதான் நல்ல படம் என்று தோன்றுகிறது. வந்து பாரேன் அக்கா.

உன் எலி

மார்ச் 8

எலிக்கு,

கடைக்கு ஒரு அம்மா வந்தார். வெகு காலத்துக்கு முன்னால் எடுத்த கைக்குழந்தைப் படம் ஒன்றைக் கேட்கிறார். நீ எழுதியிருக்கும் படமாக இருக்கலாம். குழந்தையின் தொப்பி கையால் பின்னியது என்றும், தாடைக்குக் கீழே கட்டும் பட்டையில் பொத்தான் இல்லாமல் நூலால் முடிச்சுப் போட்டிருக்கும் என்றும் சொன்னார். அப்படி இருக்கிறதா பார்.

இருந்தால் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே திருப்பி அனுப்பு. வேறெதுவும் செய்யாதே. மேற்கொண்டு ஒரு இடத்திலும் கத்தரி வைக்காதே.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? எழுத்து உன் எழுத்துதான், ஆனால் யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல இருந்தது. முழங்காலா, இல்லை காய்ச்சலா? ஒரு வரி உடம்பைப் பற்றி இல்லையே.

பொத்தான் இல்லைதான். நூல் முடிச்சுதான். நீ எழுதிய பிறகுதான் நானே அதைக் கவனித்தேன். அந்த அம்மாவுக்கு என்ன ஞாபகசக்தி! இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாராம்? படம் எடுத்த மறுவாரமே வந்து வாங்கிக்கொள்வதற்கென்ன? இப்போது வந்து உன் உயிரை எடுக்கிறாரே.

எப்படித் திருப்பி அனுப்புவது அக்கா? குழந்தை கூட்டில் ஒட்டியாயிற்று. நான் போட்ட பசைக்கு, பிரித்தால் முகம் தோலாக உரிந்து வந்துவிடும். படத்துக்குச் சட்டம் போட்டு மண்டபத்தில் கொடுத்தும் ஆயிற்று, பட்டியலில் அச்சடித்துவிட்டார்கள். ஏப்ரல் நான்காம் தேதி திறப்பு. அந்த அம்மாவை மண்டபத்துக்கு வந்து பார்க்கச் சொல்லேன். கூட்டில் அது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்று பார்த்தால் அவருக்கே பிடித்துப்போகும்.

படத்தை விற்காமல் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் திறப்புக்கு முன்னால் எழுதிவிடு. பதில் தாமதமானால் நான் பொறுப்பல்ல.

அந்த அம்மா யார்? நமக்குத் தெரிந்தவரா? உன் உடம்பைப் பற்றி எழுது.

எலி

ஏப்ரல் 2

எலிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டதில் நாளாகிவிட்டது.

அந்த அம்மா மறுபடி வந்தார். படத்தை விற்க வேண்டாம் என்கிறார். அவர் அந்தப் படத்தை வாங்க வராமல் இல்லை, வந்து கேட்டாராம். படம் விழவில்லை, ஃபிலிம் கெட்டுவிட்டது என்று ஸ்டூடியோவில் சொன்னார்களாம். ஆகவே தப்பு அவருடையதல்ல. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையைத் தாங்கிய கையை என்ன செய்தாய்? எறிந்துவிட்டாயா?

குழந்தையின் கண் திறந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நன்றாகப் பார்த்துச் சொல். உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று அவர் கேட்கிறார்.

அக்கா

ஏப்ரல் 13

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா அக்கா?

உன் கடிதம் ஏழாம் தேதிதான் வந்தது. ‘கூடு’ நான்காம் தேதியே விற்றுப்போய்விட்டது. திறப்பு அன்றைக்கு வந்த ஒரு பல் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்டார். நான் தலைகால் புரியாமல் குதித்தேன், விற்றாயிற்று என்பதற்கு வைக்கும் அந்தச் சிவப்புப் பொட்டை நானே என் கையால் ஒட்டினேன்.

நீ கேட்டபடி பார்த்தேன். கண்காட்சி முடியும்வரை படம் மண்டபத்தில்தான் தொங்கியது. நூலகத்துப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். காவலாளி, “நீங்க பண்ணின படத்தை நீங்களே உளவு பாக்கறீங்களேம்மா” என்று சிரித்தார். கண் திறந்திருக்கவில்லை அக்கா. மூடிய இமைக்குமேல் தூரிகையால் எழுதியது. கருவிழியில் ஒரு ஓரமாக ஒற்றை வெள்ளைப் புள்ளி. நம் வீட்டில் யாருக்கும் அந்தப் புள்ளியைத் தெரியாமலிருக்காது. படத்தில் யார் கண்ணை மூடிவிட்டாலும் அப்பா அப்படித்தான் திருத்துவார்.

கையை எறியவில்லை. கைகள் டின்னில் போட்டிருந்தேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டேன், சிரிப்பாய் என்று. பிப்ரவரியிலிருந்தே அந்த டின்னைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் மேலே இருக்கும். எத்தனையோ தடவை அடியில் தள்ளியிருக்கிறேன். மூடியைத் திறந்தால் மறுபடி மேலே, உள்ளங்கையை ஏந்தினாற்போல. தடித்த காகிதம், அதனால் மேலே வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் வந்த அன்றுதான் முதல்முறையாக அதை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தேன்.

கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது. பதினைந்து வயதில் படங்களின் ஓரத்தை நறுக்கும்போது உன் விரலில் கத்தி இறங்கியதே, அந்த நகம். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பிளவுக்குள் என் நகத்தை நுழைத்து நோண்டுவேன், நீ மண்டையில் குட்டுவாய்.

எனக்கு ஆறு வயதில் என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். உனக்கு மஞ்சள் காமாலை, ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஐந்து மாதம். திரும்பி வந்தபோது நீ என்னைத் தூக்கவே இல்லை. நான் கையை நீட்டினேன், நீ உள்ளே போய்விட்டாய். பெரியவளாகிவிட்டேன், அதனால் தூக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா இனிமேல் கடைக்கு வர வேண்டாம் அக்கா. அவருக்காக நீ எதுவும் கேட்கவும் வேண்டாம். கையை இதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். நான் எதை வெட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் கால் தூசிக்குச் சமம் ஆகமாட்டேன் நான். மன்னித்துவிடு.

எலி

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடைக்குப் போன் செய்தேன். எடுத்து, என் குரலைக் கேட்டுவிட்டு, “வரிசை நிக்குது” என்று வைத்துவிட்டாய். வைக்கும்வரை உன் மூச்சு கேட்டது.

பல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். படத்தை நோயாளிகள் காத்திருக்கும் அறையில், நாற்காலிகளுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். “டாக்டர், அதுக்குப் பதிலா வேற ரெண்டு படம் தர்றேன், அதை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க” என்று கேட்டேன்.

“ஏம்மா, வித்ததுக்கு அப்புறம் கேக்கறது நல்லாவா இருக்கு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “இது வந்ததுலேர்ந்து இங்க குழந்தைங்க அழறதே இல்லை. முன்னெல்லாம் வாசல்லயே ஊரைக் கூட்டும். வேணும்னா உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்து பார்த்தேன். கன்னம் வீங்கிய ஒரு சின்னப் பெண் அம்மாவின் மடியிலிருந்து நழுவிப் போய்ப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டாள். கூப்பிடும்வரை நகரவில்லை.

உனக்காவது அனுப்பலாமென்று நூலகத்து கேமராவை வாங்கிக்கொண்டு போய் மூன்று படம் எடுத்தேன். கழுவி வந்தது. மூன்றிலும் கூடு இருக்கிறது, சுள்ளி இருக்கிறது, சுவர்கூடத் தெளிவாக இருக்கிறது. முகம் இருக்கும் இடத்தில் மட்டும் கண்ணாடியில் பளீரென்று வெளிச்சம் அடித்து வெள்ளையாக நிற்கிறது. தள்ளி நின்று எடுத்தேன், சாய்ந்து எடுத்தேன், எல்லாம் செய்தேன். மறுபடியும் படம் விழவில்லை அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் கொடுத்துவிடுவார். நல்ல மனிதர். சொல்லட்டுமா? நீ சொல்லச் சொன்னால்தான் சொல்வேன்.

எலி

மே 24

எலிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. லாமினேஷன் மெஷின் நன்றாக ஓடுகிறது. பரீட்சை முடிவு வரும் நேரம், சான்றிதழ் நகலுக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஸ்டூலில் உட்காரப் பழகிக்கொண்டேன்.

அந்த டாக்டரிடம் எதுவும் சொல்லாதே. இனிமேல் படம் எடுத்து அனுப்பவும் முயலாதே. நாள் முழுக்க நகல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்கிற கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றியாயிற்று. வெயில் அதிகம். அந்த மருத்துவமனை எந்தத் தெருவில், பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

மழைக்கு முன்னால் கடைக் கூரையைப் பார்க்க வேண்டும்.

அக்கா

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். கூரையேறி நீயே ஓட்டைப் பார்க்காதே, ஆள் வை.

பஸ் நிலையத்திலிருந்து நேராக வந்தால் தபால் ஆபீஸ். அதற்கு அடுத்த தெருவில் மருந்துக் கடைக்கு மாடியில். காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை ஐந்து முதல் எட்டு. செவ்வாய், வியாழன், சனி. படியேறினால் பன்னிரண்டு படி, உன் காலுக்குக் கஷ்டம். நீ வருகிறாய் என்றால் சொல், நான் வந்து அழைத்துப் போகிறேன். கேள்வி கேட்கமாட்டேன், சத்தியம்.

நான் இப்போது ஒன்றும் வெட்டுவதில்லை. டின்களையெல்லாம் மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கத்தரியைக் கையில் எடுத்தால், இது யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைப்பு வந்துவிடுகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என்மேல் கோபமிருந்தால் திட்டியாவது எழுது.

உன் எலி

ஜூன் 26

என் எலிக்கு,

அக்கா சௌக்கியம். இந்தத் தடவை நம்பலாம், ஒரு டாக்டரே வாயைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். நீ சாப்பிடுகிறாயா? மூக்கு எப்படி?

உன்னிடம் சொல்லாமல் சென்ற செவ்வாய் உன் ஊருக்கு வந்துவிட்டுப் போனேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்த்திருந்தால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதிருப்போம், நான் வந்த காரியம் நடந்திருக்காது. கடைக் கதவில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதி ஒட்டினேன். அப்பா இறந்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான்.

இனி உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அது என் குழந்தை. பெண். பதினோரு நாள் இருந்தாள். தகப்பன் யார் என்று நீ கேட்கமாட்டாய், அந்த ஆளுக்கு இந்தக் கடிதத்தில் இடமும் இல்லை. பெயர் வைத்தால் பிறகு மறக்க முடியாது என்று அம்மா வைக்க விடவில்லை. வைக்காவிட்டாலும் முடியவில்லை. பதினோரு நாளும் அவள் தூங்கிக்கொண்டேதான் இருந்தாள், ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்து என்னைச் சரியாகப் பார்த்ததில்லை.

முடிந்துபோன அன்று அப்பா கடையை உள்பக்கம் சாத்திவிட்டு விளக்கைப் போட்டார். “இவ மூஞ்சி படத்துல விழக் கூடாது” என்று அம்மா திரைத்துணியை எடுத்து என் தலைமேல் போட்டாள். துணிக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் கனம் மட்டும் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். அப்பா தலையைத் தூக்காமல், “படம் விழலைம்மா” என்றார். முப்பத்தொரு வருஷம் அதை நம்பினேன் எலி. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் விழுகிற படம் எனக்கு மட்டும் விழவில்லையா என்று அவர்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் மருந்து கொடுத்தேன், துணி மாற்றினேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் உட்கார்ந்து அவளுக்குக் கண் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, என்னிடம் காட்டத் தைரியமில்லாமல் பூட்டி வைத்திருக்கிறார். அந்தப் பூட்டைத் திறந்து, பார்க்காமல், உனக்கு மூட்டை கட்டியது நான். இதில் உன்னை எப்படித் திட்டுவது?

ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். நீ வெட்டியதில் வருத்தமில்லை என்றால் அது பொய். இரண்டு மாதம் உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பதரைக்கே போய்விட்டேன். பன்னிரண்டு படியையும் ஏறினேன். டோக்கன் மூன்று கொடுத்தார்கள். படத்துக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்தேன்.

அவள்தான். மூக்கு அப்படியே உன் மூக்கு.

சுற்றிலும் அந்தத் துணி இல்லை எலி. அதை நீ வெட்டி எறிந்திருக்கிறாய். முப்பத்தொரு வருஷமாக அந்த இருட்டுக்குள்தான் நான் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே அவள் சுள்ளிகளுக்கு நடுவில் வெளிச்சத்தில் இருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண், “பாருங்களேன், உங்களையேதான் பாக்குது” என்றாள். “ஆமா, என்னைத்தான் பாக்குது” என்றேன். வேறு யாரிடமும் இதுவரை அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பிறகு வந்தவரை அனுப்பினேன். அடுத்தவரையும் அனுப்பினேன். “எனக்கு அவசரமில்லை, பொறுக்கற வலிதான்” என்று எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அறையில் நான் மட்டும் மிச்சம், உள்ளே போயே ஆக வேண்டியதாயிற்று. டாக்டர், “எந்தப் பல்லும்மா?” என்று கேட்டார். அதை நான் யோசித்துக்கொண்டு வரவே இல்லை. வாய்க்கு வந்த ஒரு பல்லைக் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

“வேர் வரைக்கும் போயிருக்கேம்மா! இதை வச்சுக்கிட்டு எப்படி இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் திறந்தபடியே அழுதேன். அவர் பாவம், வலி என்று நினைத்து ஊசி போட்டார்.

படத்தைத் திருப்பிக் கேட்காதே. என்னோடு வந்தால் கடையில் அவளுக்கு நான் ஒருத்திதான். அங்கே நாள் முழுக்கக் குழந்தைகள் வருகிறார்கள். நீயும் கட்டிலுக்கு அடியிலிருந்து டின்களை எடு. சும்மா உட்கார்ந்தால் உனக்குக் கிறுக்கு முற்றிவிடும்.

வேருக்கு வைத்தியம் செய்ய வேண்டுமாம், அன்றைக்குப் போனதையும் சேர்த்து நாலு சிட்டிங் வரணும் என்றார் டாக்டர். வாரத்துக்கு ஒன்று. வரும் செவ்வாய் காலையில் நேராக உன் அறைக்கு வருகிறேன். லீவு போட்டு வை, நீயும் வந்து என் பக்கத்தில் உட்கார். மிச்சம் மூன்று தடவைதானே என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் கசக்காதே. என் வாயில் இன்னும் இருபத்தாறு பல் இருக்கிறது.

உன் அக்கா